தென்காசித் திருக்கோயிலும் பராக்கிரம பாண்டியன் அடைக்கலமும்

கவலை யாதென ஆராயின், வந்த துன்பத்தினும் வாராத துன்பத்தைக் குறித்தே அது பெரிதும் எழுவதாதல் புலனாகும். பிணியுற்றான் ஒருவன் அப்பிணியால் எய்தும் நோவினும், அஃது எவ்வாறு முடியுமோ என்னும் எண்ணத்தால் எய்தும் நோவே மிகுதியாம். மக்களைப் பெற்றார் மக்களின் வருங்காலத்தை எண்ணி மெலிவர். பொருளை ஈட்டினார் அதன் காவலை எண்ணி உறக்கம் இழப்பர். இதற்கு மருந்து இறைவனிடத்து அடைக்கலம் புகுதலே என்பது நம் சைவ நூல்கள் அனைத்திற்கும் ஒத்த முடிபு. ஆயின், அடைக்கலம் புகுந்தான் ஒருவன் அதன்பின் யாது செய்வான்? வாளா இருப்பானோ? வருங்காலத்தை எண்ணுதலையே ஒழிவானோ? எண்ணுவானாயின் அவன் நம்பிக்கை குறையுடையதாமோ? இவ்வினாக்கட்குச் சாத்திரத்தால் விடை காண்டல் ஒருபுறம் நிற்க, முன்னர் வாழ்ந்தார் ஒருவரது வரலாற்றினின்று விடை காண்டலும் பயனுடைத்து. அத்தகைய வரலாறு ஒன்று தென்பாண்டி நாட்டிலே கல்லிற் பொறிக்கப்பட்டுக் கிடக்கின்றது. அதனை ஈண்டு ஆராயப் புகுவாம்.

நாடும் ஊரும்

தென்காசிக்கு அணித்தாகச் சுந்தரபாண்டியபுரம் என்னும் ஊர் உளது. மேற்கே திருக்குற்றால மலைத்தொடர் தோன்ற, சுற்றிலும் வயலும் குளமும் சூழ விளங்குவது அவ்வூர். ஆனி ஆடித் திங்கள்களில் மேல்காற்று எழுந்து மலைமேற் சாரல் பொழியுங்கால் அருவிகள் பெருகும். வயல்களிற் சூரியகாந்தி பூத்து மஞ்சள் விரித்தாற்போலக் காணப்படும். சாரல் பிந்தின் உழவர் நாடோறும் மலைமுகட்டை நோக்கி நிற்பர். அந்நோக்கத்தில் உள்ள கவலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஊர் தோன்றிய நாள்தொட்டே உள்ளது.

அவ்வூரின் பெயர் பாண்டியர் பெயர் என்பது வெளிப்படை. சுந்தரபாண்டியர் என்னும் பெயருடையார் பலராதலின், அவருள் இன்னார் எனத் துணிதல் ஈண்டு வேண்டுவதன்று. அப்பெயர் நினைவூட்டுவது பாண்டியர் பேரரசு ஓங்கி நின்ற காலத்தையே. 1251ஆம் ஆண்டில் முடிசூடிய முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் வடக்கே நெல்லூர் வரை வெற்றி கொண்டான். தில்லைச் சிற்றம்பலத்தைப் பொன் வேய்ந்தான். அவனுக்குப்பின் 1268 முதல் ஏறத்தாழ 1310 வரை ஆண்ட மாறவர்மன் குலசேகரன் காலத்தில் கொற்கைக்கு அண்மையிலுள்ள காயல் பெருந்துறைமுகமாய் விளங்கியது. வெனிசு நகரத்து மார்க்கோ போலோவும் அத்துறைமுகத்தின் வளத்தைத் தம் நூலில் வியந்து கூறியுள்ளார்.

அத்துணைப் பெருவாழ்வு ஒரு தலைமுறைக்குள் சரிந்தது. குலசேகரனுக்குப்பின் அவன் மக்களாகிய வீரபாண்டியனும் சுந்தரபாண்டியனும் அரசுரிமை குறித்துப் பகைத்தனர். 1311ஆம் ஆண்டில் தில்லிச் சுல்தானின் படைத்தலைவனாகிய மாலிக் காபூர் பாண்டி நாட்டிற் புகுந்து பெரும்பொருளைக் கொள்ளைகொண்டு மீண்டான். அடுத்த சில ஆண்டுகளில் வேணாட்டு இரவிவர்மன் குலசேகரன் வடக்கே காஞ்சி வரை சென்றான். 1330ஆம் ஆண்டையடுத்து மதுரையிலே சுல்தானியர் ஆட்சி நிலைகொண்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டு நடந்தது. 1371ஆம் ஆண்டளவில் விசயநகரத்துக் குமார கம்பணர் படையெடுப்பால் அவ்வாட்சி ஒழிந்தது. ஆயினும் மதுரை பாண்டியர்க்கு மீண்டும் நிலைத்த தலைநகராகவில்லை. தென்பாண்டியில் ஒதுங்கி, பிற்காலத்திற் சிற்றாற்றங்கரையிலுள்ள தென்காசியைத் தலைநகராகக் கொண்டனர். சங்கம் வளர்த்த மதுரையைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கிய ஒரு மரபு, அம்மதுரையின்றி வாழக் கற்றது.

இக்கலக்கத்தின் நடுவே நம் சாத்திரங்கள் தோன்றிய முறை எண்ணத்தக்கது. சந்தான ஆசிரியருள் நால்வராமவராகிய உமாபதி சிவாசாரியர் அருளிய சங்கற்ப நிராகரணம், தன் காலத்தைச் சகம் 1235 என்று தானே குறிக்கின்றது. அஃது 1313ஆம் ஆண்டாம். மாலிக் காபூர் படையெழுச்சிக்குப்பின் இரண்டாண்டே சென்றன. அந்நூல் தில்லைத் திருவிழாவைக் கூறித் தொடங்கி, சமய வாதங்களை அமைதியாக எடுத்து ஆராய்ந்து செல்கின்றது. நாடு நடுங்கிய காலத்திலும் மெய்ப்பொருளாராய்ச்சி நடுங்காது நடந்தது என்பதற்கு இஃதொரு சான்று. அவ்வமைதி உலகை மறந்த அமைதியோ, உலகைத் தாங்கும் ஒருவனை மறவாத அமைதியோ என்பதே நாம் ஆராய வேண்டுவது. அதற்குத் தென்காசி மன்னன் வரலாறு துணைசெய்யும்.

மன்னனும் கோயிலும்

சடையவர்மன் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1422ஆம் ஆண்டில் அரசுரிமை எய்தினான். பகைவரொடு பொருதும், கோயில்களைப் புரந்தும், புலவரை ஆதரித்தும் ஏறத்தாழ நாற்பதாண்டு வாழ்ந்த மன்னன் அவன். தன் முன்னோர் ஆண்ட பரப்பிற் சிறியதொரு பகுதியே அவனுக்கு எஞ்சியிருந்தது. விசயநகரப் பேரரசு வடக்கே ஓங்கி நிற்க, மேற்கே சேர நாட்டு வேந்தர் மலைவழிகளுக்கு அப்பால் இருக்க, இடையே தன் நாட்டைக் காக்கும் பொறுப்பு அவன்பால் இருந்தது.

அவன் வடகாசி விசுவநாதரிடத்துப் பேரன்பு உடையவன் என்றும், இறைவன் கனவிலே தோன்றிச் சிற்றாற்றங்கரையிலே தனக்கு ஆலயம் எடுக்குமாறு பணித்தான் என்றும், எறும்புச் சாரை சென்ற வழியே சென்று செண்பக வனத்திலே சிவலிங்கத்தைக் கண்டான் என்றும் தலமரபு கூறும். மரபு அவ்வாறாக, கல்வெட்டுக்களால் அறியப்படுவன வருமாறு: 1446ஆம் ஆண்டில் விசுவநாதர் ஆலயத் திருப்பணி தொடங்கியது. 1457ஆம் ஆண்டில் ஒன்பது நிலைக் கோபுரத்திற்கு அடிப்படை இடப்பெற்றது. 1463ஆம் ஆண்டில் மன்னன் மறைந்தான். ஏறத்தாழ பதினேழாண்டு அவன் உள்ளம் இத்திருப்பணியிலேயே நின்றது. தன் கோபுரம் முழுதும் நிறைவுற்றதைக் காணும் பேறு அவனுக்கு வாய்க்கவில்லை. எஞ்சிய பணியை அவன் தம்பி குலசேகர பாண்டியன் முடித்தான்.

கல்லிலுள்ள செய்யுட்கள்

அக்கோயிலில் தமிழ்ச் செய்யுட்கள் பல கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன. அரசன் தன் வாயாற் கூறுவனவாக அமைந்தவை அவற்றுட் சில. அவற்றின் கருத்தை மட்டும் ஈண்டுத் தருவாம்.

ஒரு செய்யுளில், இவ்வாலயம் தெய்வச் செயலால் அமைந்ததேயன்றித் தன் செயலால் அமைந்ததன்று என்று மன்னன் கூறுகின்றான். கூறி, இதனை இன்னும் விரித்துக் காப்பவர் எவரோ அவர் அடியில் வீழ்ந்து, அவர்க்கு ஏவல் செய்து பணிவேன் என்கின்றான். மற்றொன்றில், இந்தக் கோயிலுக்கு வாராத குற்றம் ஏதேனும் வந்துவிடின், அதனை நீக்கிக் காப்பவர் யாவராயினும் ஆகுக, உலகறிய இப்பொழுதே அவரைப் பணிந்தேன் என்கின்றான். பிறிதொன்றில், எண்ணத்தாலும் எட்டாத இக்கோயிலை வகுக்குமாறு இறைவன் தானே முன்னின்று தன்னைப் பணிகொண்டான் என்கின்றான். இன்னுமொன்றில், இக்கோயிலைத் திரியிட்ட விளக்கைக் காப்பதுபோலக் காப்பவருடைய திருவடி தன் தலைமேலது என்கின்றான். தன் மரபில் வருவார்க்கு இதனை அடைக்கலமாகக் கூறிய செய்யுளும் உண்டு.

இவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் ஐயம் எழாமற்போகாது. கோயில் இறைவன் செயலால் அமைந்தது என்று உறுதியாக நம்பியவன், அதன் காவலைக் குறித்து இத்துணைக் கவல்வானேன்? அமைத்தவன் காவானோ? பிறக்காத மாந்தர் அடியில் வீழ்ந்து இரக்கும் மன்னன் உள்ளத்தில் நம்பிக்கையினும் அச்சமே மிகுந்திருந்தது போலும் என்று ஒருவர் வினவலாம்.

வேறொரு தடையும் உண்டு. அறங்காத்தார் திருவடி தம் தலைமேலது என்று கூறுதல் சோழர் காலந்தொட்டுக் கல்வெட்டுக்களில் வழங்கிவரும் மரபுத் தொடரே. அதனைக் கொண்டு மன்னன் உள்ளத்தை அளத்தல் பொருந்தாது என்பர் வரலாற்றறிஞர். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. மரபுத் தொடர் என்பது உண்மையே. ஆயினும் அம்மரபுத் தொடரோடு, அறத்தை அழித்தார் கங்கைக்கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்திற் போவார் என்னும் வசைமொழியும் பெரும்பாலும் இணைந்து வரும். அழிப்பாரை அச்சுறுத்துதலும் காப்பாரை வணங்குதலும் ஆகிய இரண்டினுள், யாம் மேலே எடுத்துக்காட்டிய செய்யுட்கள் வணங்குதல் ஒன்றையே மேற்கொண்டன. அன்றியும், மரபுத் தொடர் ஓரடியில் முடிவது. இம்மன்னனோ அதனையே பல செய்யுட்களிற் பலவாறாக விரித்துரைக்கின்றான். ‘என் செயலன்று’ என்பது அம்மரபுத் தொடரின் பகுதியும் அன்று. ஆகலின் மன்னன் மரபைத் தன் உள்ளத்திற்கு இசையப் பயன்கொண்டான் எனக் கொள்ளுதல் தவறாகாது.

சாத்திர விடை

முதல் ஐயத்திற்கு விடை மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரத்திற் கிடைக்கின்றது. உயிர் இறைவனோடு ஒன்றாய் நின்று, அவன் பணியிலே வழுவாது நிற்குமாயின், மலமும் மாயையும் வினையும் அதனைப் பற்றமாட்டா என்பது அச்சூத்திரத்தின் கருத்து. ஈண்டு நோக்கற்பாலது ‘பணி’ என்பதே. செயலற்று நிற்றலை மெய்கண்டார் கூறினாரல்லர். இறைவன் பணியில் நிற்றலைக் கூறினார். செயல் ஒழிதல் வேறு. ‘யான் செய்தேன்’ என்னும் முனைப்பு ஒழிதல் வேறு. முன்னதனை மயங்கிக் கொள்வார் சோம்பலையே பத்தியெனக் கருதுவர். பின்னதனை உணர்ந்தார்க்குச் செயல் முன்னினும் மிகும்; ஆயினும் அச்செயலின் சுமை அவர் தலைமேல் ஏறாது.

கவலைக்கு வேர் யாதென இதனால் அறியலாம். எண்ணுதல் கவலைக்கு வேரன்று. ‘எனது’ என்னும் பற்றே வேர். ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். பிறருடைய பொற்கலத்தைக் கையில் ஏந்திச் செல்வான் ஒருவன் அதனை விழாது காத்தே செல்வான். விழிப்பு அவனுக்கு மிகுதியாக உண்டு. ஆயினும் உரியவனிடத்து ஒப்புவித்த பின், இல்லம் சென்று உறங்குவான். அக்கலம் தன்னுடையதென்று நினைத்தவனோ, பெட்டியிற் பூட்டி வைத்தும் உறங்கான். இருவரும் காத்தனர், ஒருவனுக்குக் காவல் பணியாயிற்று, மற்றவனுக்கு அதுவே நோயாயிற்று.

பராக்கிரம பாண்டியன் முதல்வனைப் போன்றவன். கோயில் தன் செயலன்று என்று அவன் கூறியபோதே, அதனைத் தன் புகழுக்கு உரிய பொருளாகக் கருதும் பற்று நீங்கிற்று. அப்பற்று நீங்கியமையாலன்றோ, அதனைக் காப்பவன் தன் மரபினனாயினும் பிறனாயினும் ஆகுக என்று அவனாற் கூறக்கூடிற்று? தன் பெயர் நிலைபெற வேண்டும் என்று கவல்வான் தன் மரபினரையே நாடுவான். பகையரசன் ஒருவன் தன் பணியை விரித்துத் தன் பெயரை மறைப்பானோ என்று அஞ்சுவான். இம்மன்னனோ மரபினர்க்கு அடைக்கலமும் கூறினான், மரபினரல்லாதார்க்கும் முடிசாய்த்தான். முடிசூடிய தலையொன்று இன்னாரென்று அறியப்படாத ஒருவனுடைய பாதத்திற்குத் தன்னைத் தாழ்த்துகின்றது. அச்சமுற்றவன் இரப்பது தன் பொருட்டு. இவன் இரந்தது இறைவன் பணியின் பொருட்டு. ஆகலின் அவன் வேண்டுகோள் நம்பிக்கையின் குறைவன்று. நம்பிக்கை கொண்ட வடிவமே அது. இறைவன் காப்பான் என்பது உண்மை. அவன் காப்பது மாந்தர் கையைக் கொண்டே என்பதும் உண்மை. தன்னைப் பணிகொண்ட இறைவன் பின்வருவாரையும் பணிகொள்வான் என்னுந் துணிவினாலேயே அவரை முன்னமே வணங்கினான்.

விளக்கு என்னும் உவமையும் இதற்கு அரண் செய்கின்றது. விளக்கின் ஒளி திரியின் ஆக்கமன்று. ஆயினும் திரியைத் தூண்டாதிருப்பின் ஒளி நில்லாது. நெய் வார்ப்பவன் ஒளியைப் படைத்தேன் என்று செருக்குதலும் இல்லை. ஒளி தானே நிற்கும் என்று நெய் வார்த்தலைக் கைவிடுதலும் இல்லை.

பின்னிகழ்ந்தவை

மன்னன் மறைந்தபின் பொறிக்கப்பட்ட செய்யுள் ஒன்று அக்கோயிலில் உண்டு. குற்றமற்ற அறுபத்துமூவர் கூட்டத்திலோ, வெள்ளிமலையிலோ, பொன்னம்பலத்திலோ, விசுவநாதன் திருவடியிலோ, எங்குச் சென்று புக்கான் எங்கள் பராக்கிரமன் என்று அது வினவுகின்றது. இரங்கற் செய்யுளாயினும் அதில் அழுகையினும் வியப்பே மேலோங்கி நிற்கின்றது. அடைக்கலம் புகுந்தவன் சாவும் பிறர்க்கு அமைதி பயப்பதாயிற்று.

அவன் மரபில் வந்தோர் ஒரு நூற்றாண்டின் பின்னும் சிவபத்தியும் தமிழும் வளர்த்தனர். அதிவீரராம பாண்டியர் நைடதமும் காசிகாண்டமும் பாடினார். வரதுங்கராம பாண்டியர் பிரமோத்தர காண்டம் பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் தென்காசிப் பாண்டியர் ஆட்சி ஒளி மங்கியது. மன்னன் அடைக்கலம் கூறிய மரபே அரசிழந்தது. அவன் அஞ்சியவாறே கோயிலுக்குக் குற்றமும் வந்தது. ஒன்பது நிலைக் கோபுரம் மேற்பகுதி சிதைந்து, கல்லாலாகிய அடிப்பகுதி மட்டும் பிளவுண்டு நின்றது. பல தலைமுறையினர் அதனை மொட்டைக் கோபுரமாகவே கண்டு வணங்கினர்.

ஈண்டு நாம் நேர்மையாக ஒன்று வினவல் வேண்டும். மன்னன் நம்பிக்கை பொய்த்ததோ? இறைவனை நம்பினார்க்கு அவர் எடுத்த கோபுரம் என்றும் இடியாது என்பது நம்பிக்கையின் பொருளாயின், பொய்த்தது என்றே கூறல் வேண்டும். ஆயின் மன்னன் அங்ஙனம் நம்பினானல்லன். குற்றம் வரக்கூடும் என்பதை அவனே கல்லில் எழுதிவைத்தான். வந்தால் நீக்குவார் வருவர் என்பதே அவன் துணிவு. அத்துணிவு பொய்க்கவில்லை. அன்பர் பலரின் முயற்சியாலும் பொதுமக்கள் உதவியாலும் பழைய கல்லடிப்படை மீது ஒன்பது நிலைக் கோபுரம் புதிதாக எழுந்து, 1990ஆம் ஆண்டிற் குடமுழுக்குக் கண்டது. அதனை எழுப்பினார் எவரும் முடிமன்னரல்லர், குடிமக்களே. ஐந்நூறு ஆண்டுக்கு முன்னர் முடிமன்னன் ஒருவன் வீழ்ந்து வணங்கிய பாதங்கள் அவருடையனவே என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் நெகிழ்கின்றது. கோபுரம் இன்றிக் கிடந்த நெடுங்காலத்தில் நாடோறும் பூவும் நீருங் கொணர்ந்தாரும், உடைந்த வாயிலின் வழியே உட்சென்று உலகம்மையையும் விசுவநாதரையும் தொழுதாரும் அவ்வணக்கத்திற்கு உரியரே. விளக்கு அணையாது நின்றது அவராலன்றோ?

முடிபு

இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? கவலையுற்றான் ஒருவனுக்கு, ‘இறைவன் எல்லாம் நன்றாகவே முடிப்பான், கவலற்க’ என்று கூறுதல் எளிது. பிணியுற்ற மகவின் அருகில் இருக்கும் தாயிடத்தும், மழை பொய்த்த உழவனிடத்தும் அச்சொல் ஆறுதல் அளிப்பதினும் புண்படுத்துதலே மிகுதி. ஏனெனில் அவர் விரும்பியவாறே முடியும் என்பது எவராலும் உறுதி கூறப்படாதது. நம் சாத்திரமும் அதனை உறுதி கூறவில்லை. அது கூறுவது வேறு. முடிவு நின்னுடையதன்று, பணி நின்னுடையது. பணியையும் நீ தனித்துச் செய்கின்றிலை. நின்னுள் நின்று செய்விப்பான் ஒருவன் உளன். நின் கை ஓய்ந்தபின் வேறு கையை அவன் கொள்வான். இதனை உணர்ந்த தாய் மருந்தூட்டுதலை விடாள். உழவன் குளக்கரையைச் செப்பனிடுதலை விடான். அகன்று போவது, உலகம் முழுதும் தன் தோளிலே நிற்பதாக எண்ணும் பொய்ச்சுமை ஒன்றே.

அடுத்த சாரற் பருவத்திற் சுந்தரபாண்டியபுரத்து உழவர் மேற்கு மலையை நோக்கி நிற்பர். நோக்கியபின் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குச் செல்வர். நோக்குதல் நம்பிக்கை, செல்லுதல் பணி. அண்மையில் தென்காசிக் கல்லிலே ஒரு மன்னன் எழுதிவைத்ததும் இவ்விரண்டையுமே. நேயர்கள் அத்தலம் செல்லும்போது கோபுரத்தின் உயரத்தை நோக்குதலோடு அமையாது, அதன் அடியிலுள்ள எழுத்தையும் நினைந்து வணங்குவாராக. அக்கோயிலுக்கு ஒரு திரி தூண்டினாராயினும், நெய் ஒரு துளி வார்த்தாராயினும், மன்னன் முடி தாழ்த்திய பாதங்களுள் அவர் பாதமும் ஒன்றாம்.

சிவம்.